சரக்கு வேகன் மோதலில் ஆற்றல் பாதியாகிறது, உந்தம் மட்டும் ஏன் குறைவதில்லை?

கொருக்குப்பேட்டை கதிர் எழுதியது:

பிளஸ் ஒன் படிக்கிறேன். இயற்பியலில் மீட்சியற்ற மோதல், அதாவது இயக்க ஆற்றல் குறைகிற மோதல், பாடம் நடக்கிறது. கணக்குப் போட வருகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை.

கணக்கு இதுதான். 20 டன் வேகன் ஒன்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, சும்மா நிற்கிற இன்னொரு 20 டன் வேகனில் மோதி அதோடு பூட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து என்ன வேகத்தில் போகும்? உந்த மாறா விதிப்படி வினாடிக்கு 1 மீட்டர். மோதலுக்கு முன் உந்தம் (நிறை × வேகம்) 40,000 கி.கி. மீ/வி, பின்னும் அதே 40,000. சரி. ஆனால் இயக்க ஆற்றல் முன்பு 40,000 ஜூல், பின்பு 20,000 ஜூல். பாதியைக் காணோம். 'வெப்பமாகவும் ஒலியாகவும் மாறியது' என்று ஒரு வரி எழுதினால் முழு மார்க்.

என் சந்தேகம்: அதே இரண்டு வேகன், அதே ஒரு மோதல். ஆற்றல் வெளியேற வழி இருக்கிறது என்றால் உந்தமும் அதே வழியில் ஏன் வெளியேறக் கூடாது? அதற்கு மட்டும் யார் காவல்? டியூஷனில் கேட்டால், "விதி அது, எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போ" என்கிறார்கள். எங்கள் வீடு ரயில் லைன் ஓரம். ராத்திரியில் வேகன் முட்டும் சத்தம் கேட்கும். அந்த 20,000 ஜூலும் சத்தமாகத்தான் போகிறதா?

யார்டு மணி எழுதியது:

தம்பி, கணக்கு எனக்கு வராது, வேகன் தெரியும். ரயில்வேயில் ஷண்டிங் (யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும்) வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்கிறது என்று நினைப்பார்கள். அடியை வாங்குவது வேகன்களைப் பூட்டும் கப்ளர் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் டிராஃப்ட் கியர். அதற்குள் ரப்பர் பட்டைகளும் உரசும் தகடுகளும் இருக்கும். கப்ளர் உள்ளே தள்ளப்படும்போது ரப்பர் நசுங்கும், தகடு உரசும். வெறும் ஸ்பிரிங் மட்டும் வைத்துப் பாருங்கள், அமுங்கிய ஸ்பிரிங் இரண்டு வேகனையும் மறுபடி பிரித்துத் தள்ளப் பார்க்கும். உரசல் இருப்பதால்தான் அமுங்கிய இடத்திலேயே அடங்குகிறது.

உன் கணக்கில் 20 டன் என்றது கிட்டத்தட்ட காலி வேகன். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் காலியாக 22, 23 டன் இருக்கும், சரக்கோடு 81 டன். வினாடிக்கு 2 மீட்டர் என்றால் மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். ஷண்டிங்கில் பொதுவாக மணிக்கு 15 கி.மீ. தாண்டக் கூடாது. வெடிபொருள், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்கு என்றால் 8. தண்டையார்பேட்டைப் பக்கம் எண்ணெய் டேங்கர் எவ்வளவு வரும் என்று உனக்கே தெரியும். அந்த 15-க்கும் 8-க்கும் என்ன கணக்கு என்று நீ படித்து எனக்குச் சொல்.

திருவொற்றியூர் வாசு எழுதியது:

பையன் கேட்டது நியாயமான கேள்வி. உந்தம் மட்டும் கசியாது என்று யார் சொன்னது? தண்டவாளத்தில் உராய்வு இல்லையா? நிற்கிற வேகனுக்குக் கைபிரேக் போட்டிருந்தால்? மோதிய பிறகு இரண்டும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகின்றன, அப்போது உந்தம் பூஜ்யம். எங்கே போனது 40,000? பாடப்புத்தகத்தில் வேகன் வழவழப்பான தளத்தில் ஓடுகிறது, நிஜத்தில் கொருக்குப்பேட்டையில் ஓடுகிறது. இதெல்லாம் லட்சிய நிலைக்கான விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

வண்ணை பர்வீன் எழுதியது:

கதிர், பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். உன் கேள்விக்குப் பதிலை அந்தக் கணக்குக்குள்ளேயே காட்டுகிறேன். வாசு சாருக்கு அடுத்து வருகிறேன்.

மோதல் 0.1 வினாடி நடக்கிறது என்று வை. முதல் வேகனின் வேகம் 2-லிருந்து 1-க்கு இறங்குகிறது. இரண்டாவது 0-லிருந்து 1-க்கு ஏறுகிறது. முதல் வேகன் இழந்த உந்தம் 20,000. அதை 0.1 வினாடியால் வகுத்தால் விசை 2,00,000 நியூட்டன். இரண்டாவது வேகன் மேல் முதல் வேகன் கொடுத்த விசையும், முதல் வேகன் மேல் இரண்டாவது திருப்பிக் கொடுத்த விசையும் ஒன்றே, திசைதான் எதிர். இது நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டு விசையும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகின்றன. இவனை அவன் 0.1 வினாடி தொட்டால் அவனை இவனும் 0.1 வினாடிதான் தொட்டிருக்க முடியும். உந்த மாற்றம் என்பது விசை × நேரம். விசை சமம், நேரம் சமம். ஆகவே ஒன்று இழந்ததை மற்றது அப்படியே வாங்குகிறது. இது கைமாற்று. நடுவில் தரகர் யாரும் இல்லை.

இப்போது ஆற்றலைப் பார். ஆற்றல் மாற்றம் விசை × தூரம். அந்த 0.1 வினாடியில் முதல் வேகனின் சராசரி வேகம் 1.5, ஆகவே அது நகர்ந்த தூரம் 15 செ.மீ. இரண்டாவதின் சராசரி வேகம் 0.5, அது நகர்ந்தது 5 செ.மீ. விசை ஒன்று, நேரம் ஒன்று, தூரம் மட்டும் வேறு!

முதல் வேகன் இழந்த ஆற்றல் 2,00,000 × 0.15 = 30,000 ஜூல். இரண்டாவது பெற்றது 2,00,000 × 0.05 = 10,000 ஜூல். வித்தியாசம் 20,000. நீ காணோம் என்று தேடுகிற அதே 20,000.

அது எங்கே போனது? முதல் வேகன் 15 செ.மீ. வந்தது, இரண்டாவது 5 செ.மீ. நகர்ந்தது. அப்படியானால் நடுவில் இருந்த ஏதோ ஒன்று 10 செ.மீ. நசுங்கியிருக்க வேண்டும். மணி ஐயா சொன்ன டிராஃப்ட் கியர், ஒவ்வொரு வேகனிலும் ஒன்று. 2,00,000 நியூட்டன் × 0.10 மீட்டர் = 20,000 ஜூல். கணக்கு முடிந்தது.

ஆற்றலுக்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. ரப்பரின் நசுங்கல், தகட்டின் உரசல், இரும்புக்குள் அணுக்களின் அதிர்வு என்று கண்ணுக்குத் தெரியாத இடங்கள். உந்தத்துக்கு அப்படி இடம் கிடையாது, ஏனென்றால் அதற்குத் திசை உண்டு. சூடான இரும்பில் அணுக்கள் எல்லாத் திசையிலும் ஆடுகின்றன. அந்த ஆட்டங்களின் உந்தத்தை எல்லாம் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம். ஆற்றல்களைக் கூட்டினால் பூஜ்யம் ஆகாது, அவற்றில் எதிர்மறை இல்லை.

சத்தம் பற்றி: ஒரு வாட் ஒலித்திறனே காதை அடைக்கிற சத்தம். அது அரை வினாடி நீடித்தாலும் அரை ஜூல்தான். உன் தூக்கத்தைக் கெடுப்பது அந்த 20,000-இல் ஒரு துளி. மீதி எல்லாம் சூடு. ஆனால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. 20,000 ஜூல் ஒரு கிலோ இரும்பைச் சுமார் 40 டிகிரி சூடாக்கும். கப்ளரும் டிராஃப்ட் கியரும் சேர்ந்து பல நூறு கிலோ, ஒரு டிகிரி கூட ஏறாது.

திருவொற்றியூர் வாசு எழுதியது:

அழகான கணக்கு மேடம், ஆனால் 0.1 வினாடி என்பதை நீங்களாக வைத்துக்கொண்டீர்கள். மோதும் நேரம் முழுக்க விசை ஒரே அளவில் இருக்கும் என்பதும் உங்கள் வசதிக்காக. என் கைபிரேக் கேள்வி அப்படியே நிற்கிறது.

வண்ணை பர்வீன் எழுதியது:

0.01 வினாடி என்று வைத்துப் பாருங்கள் சார். விசை பத்து மடங்காகி 20 லட்சம் நியூட்டன். தூரங்கள் பத்தில் ஒன்றாகி 1.5 செ.மீ., 0.5 செ.மீ. நசுங்கல் 1 செ.மீ. பெருக்கினால் மறுபடி 20,000. விசை கூடிக் குறைந்தாலும் அந்தந்தக் கணத்தில் இரண்டு பக்கமும் சமம், அது போதும். நேரம் மாறும்போது மாறுவது அடியின் கடுமை மட்டும்தான். டிராஃப்ட் கியர் வைப்பதே அதற்காக.

உராய்வுக்கு வருகிறேன். சரக்கு வேகனின் உருளுதல் தடை எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று எடுத்தால் 40 டன்னுக்கு 800 நியூட்டன் அளவு. 0.1 வினாடியில் அது எடுத்துக்கொள்ளும் உந்தம் 80. மொத்தம் 40,000-இல் அது ஆயிரத்துக்கு இரண்டு. ஆகவே மோதும் அந்தக் கணத்துக்கு உந்தம் மாறவில்லை என்று எழுதுவதில் பிழை ஒன்றும் இல்லை. கைபிரேக் இறுக்கிய வேகன் என்றால் கதை வேறு. சக்கரம் சுழலாமல் இழுபடும்போது தடை 30,000 நியூட்டன் அளவுக்குப் போகலாம். 0.1 வினாடியில் 3,000, அதாவது 7.5 சதவீதம். அப்போது 'உந்தம் மாறவில்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது.

ஆனால் அதற்குப் பெயர் கசிவு இல்லை. அது தண்டவாளத்துக்குப் போனது, தண்டவாளம் பூமியோடு கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே பூமிக்குப் போனது. பூமியின் நிறைக்கு அந்த 3,000 உறைக்காது. வேகன் இரண்டு மட்டும் என்று கோடு போட்டால் உந்தம் வெளியே போனதாகத் தெரியும். பூமியையும் கோட்டுக்குள் சேர்த்துக்கொண்டால் போகவில்லை. இது லட்சிய நிலை விதி இல்லை சார், கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்த விதி.

எண்ணூர் லாரி செந்தில் எழுதியது:

கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறேன். டீக்கடைப் பஞ்சாயத்து ஒன்று ரொம்ப நாளாக முடியாமல் கிடக்கிறது. இரண்டு கார் நேருக்கு நேர் ஆளுக்கு 60-இல் வந்து முட்டினால், 120-இல் சுவரில் முட்டிய மாதிரிதானே? நான் ஆமாம் என்கிறேன், கிளீனர் இல்லை என்கிறான்.

திருவொற்றியூர் வாசு எழுதியது:

இதில் கிளீனர் பக்கம்தான். இரண்டும் ஒரே மாதிரி கார், ஒரே வேகம் என்றால் மொத்த உந்தம் பூஜ்யம், அதனால் முட்டிய இடத்திலேயே இரண்டும் நின்றுவிடும். ஒவ்வொரு காரும் 60-லிருந்து 0-க்கு வருகிறது, தன் மூக்கைத் தானே நசுக்கிக்கொண்டு. கெட்டியான சுவரில் 60-இல் முட்டினாலும் அதேதான். மொத்த ஆற்றல் இரண்டு மடங்கு என்பது உண்மை. ஆனால் அதை வாங்கிக்கொள்ளக் காரும் இரண்டு இருக்கிறதே.

120-இல் சுவர் என்பது இதைவிட நாலு மடங்கு கொடுமை.

எண்ணூர் லாரி செந்தில் எழுதியது:

அப்போ என் டிரைலரும் ஷேர் ஆட்டோவும்? எக்ஸ்பிரஸ் ரோட்டில் தினமும் பார்க்கிறது அதுதானே.

வண்ணை பர்வீன் எழுதியது:

அங்கே எல்லாமே மாறிவிடும் அண்ணா. பெட்டியோடு சேர்த்து உங்கள் வண்டி 39 டன், ஆளோடு ஷேர் ஆட்டோ 1 டன் என்று வைப்போம். ஆட்டோ நிற்கிறது, நீங்கள் மணிக்கு 40 கி.மீ.-இல் வருகிறீர்கள். இரண்டும் சிக்கிக்கொண்டு சேர்ந்து போனால் வேகம் 39. உங்கள் வண்டிக்கு 1 கி.மீ. குறைந்தது. ஆட்டோவுக்கு ஒரே நொடிக்குள் 39 கி.மீ. கூடியது. கைமாறிய உந்தம் இருவருக்கும் ஒன்றுதான். நீங்கள் பிரேக்கைத் தொட்டதுபோலக்கூட உணர மாட்டீர்கள், ஆட்டோவில் இருப்பவர்களின் கழுத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். உங்கள் வண்டியின் இயக்க ஆற்றலில் வீணானது நாற்பதில் ஒரு பங்கு, 2.5 சதவீதம்தான். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது சுமார் 60,000 ஜூல், கதிரின் வேகன் கணக்கில் வந்ததைப் போல மூன்று மடங்கு. டிராஃப்ட் கியர் இல்லாத ஆட்டோவின் தகரம் அதில் பெரும்பங்கை வாங்குகிறது. சதவீதத்தை மட்டும் பார்த்து 'மோதல் லேசானது' என்று சொல்லிவிட முடியாது.

கொருக்குப்பேட்டை கதிர் எழுதியது:

விசை × நேரம், விசை × தூரம் என்று பிரித்ததும் புரிந்துவிட்டது டீச்சர். தூங்காமல் இன்னொன்று போட்டுப் பார்த்தேன். இரண்டு வேகனும் எதிரெதிரே வினாடிக்கு 1 மீட்டரில் வந்து பூட்டிக்கொண்டால்? உந்தம் முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம், நின்றுவிடும். ஆற்றல் முன்பு 10,000 + 10,000, பின்பு ஒன்றுமில்லை. போனது 20,000. முதல் கணக்கிலும் 20,000. இது தற்செயலா?

வண்ணை பர்வீன் எழுதியது:

தற்செயல் இல்லை. இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

முதல் கணக்கில் வேகன் 2 மீ/வி வேகத்தில் வருகிறது. அதே திசையில் லைன் ஓரமாக நீ 1 மீ/வி வேகத்தில் நடந்துகொண்டே பார்க்கிறாய் என்று வை. வருகிற வேகன் உன்னைவிட 1 மீ/வி அதிகமாகப் போவதாகத் தெரியும். நிற்கிற வேகன் உன்னை நோக்கி 1 மீ/வி வேகத்தில் வருவதாகத் தெரியும். அதாவது உன் இரண்டாவது கணக்கு. நடந்தது ஒரே மோதல், பார்த்த ஆள்தான் வேறு. நிற்கிறவருக்கு ரப்பர் 10 செ.மீ. நசுங்கி, நடக்கிறவருக்கு 5 செ.மீ. நசுங்க முடியாதே? சூடு எல்லோருக்கும் பொது. ஆகவே இதே வேகன்கள் பூட்டிக்கொள்ளும்போது வீணாகும் ஆற்றல், இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் வேகத்தை மட்டுமே பொறுத்தது.

முதல் கணக்கில் மீதி 20,000 ஜூல் ஏன் வீணாகவில்லை என்பதற்கும் இதுவே பதில். மொத்த உந்தம் 40,000 இருக்கும்வரை அந்த 40 டன் 1 மீ/வி வேகத்தில் போயே ஆக வேண்டும். அந்தப் பயணத்துக்கான 20,000 ஜூலைத் தொட எந்த ரப்பராலும் முடியாது. ஒட்டிக்கொள்ளும் மோதலில்தான் இழப்பு அதிகபட்சம். அதற்கு மேல் இழக்க உந்த விதி விடாது.

இந்த நகரும் ஆள் உத்தி பழையது. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் கால்வாயில் போகும் படகில் ஒருவர், கரையில் ஒருவர் என்று வைத்துத்தான் மோதல் விதிகளை வருவித்தார். நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று எழுதியிருப்பார், இன்றைக்கு அதில் படகு விடுவதுதான் கஷ்டம்.

காசிமேடு சேவியர் எழுதியது:

வடசென்னையில் மோதல் பற்றிப் பேசிவிட்டு யாரும் கேரம் போர்டைத் தொடவில்லையே? 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம பக்கத்துப் பெண். அதற்கு முன்பே வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். சந்துக்குச் சந்து போர்டு போட்டிருக்கிற ஊரில் லாரியும் வேகனும்தானா கிடைத்தது!

என் கேள்வி: காயை நேராக அடித்தால் ஸ்ட்ரைக்கர் நிற்காமல் காய் பின்னாலேயே போய் பாக்கெட்டில் விழுந்து ஃபைன் வாங்கி வைக்கிறது. இது மீட்சி மோதலா, மீட்சியற்றதா?

வண்ணை பர்வீன் எழுதியது:

இரண்டுக்கும் நடுவே. ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். முழு மீட்சி மோதல் என்றால் ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் பாதியோடு முன்னே போகும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். மீட்சியளிப்பு குணகம் (விலகும் வேகம் ÷ நெருங்கிய வேகம்) 0.8 என்று வைத்தால் ஸ்ட்ரைக்கர் 0.55 மடங்கு, காய் 1.35 மடங்கு. உந்தத்தைச் சரிபாருங்கள்: 15 × 0.55 = 8.25, 5 × 1.35 = 6.75, கூட்டினால் 15, வந்த அதே உந்தம். ஆற்றலில் 91 சதவீதம் மிஞ்சுகிறது. ஸ்ட்ரைக்கர் கனமாக இருக்கும்வரை நேர் அடியில் அது நிற்கவே நிற்காது, எந்தக் குணகமாக இருந்தாலும் சரி. ஃபைன் வாங்கியது உங்கள் கையின் குற்றம் மட்டும் இல்லை.

கட் அடிக்கும்போது, அதாவது காயின் ஓரத்தில் அடிக்கும்போது, உந்தத்தை இரண்டு திசையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓரங்கள் உரசுவது குறைவு என்பதால், ஸ்ட்ரைக்கர், காய் இரண்டின் மையங்களையும் சேர்க்கும் கோட்டில் காய் போகும். காய் பக்கவாட்டில் எவ்வளவு உந்தம் எடுத்துக்கொண்டதோ அவ்வளவு ஸ்ட்ரைக்கர் எதிர்ப்பக்கம் விலகும்.

திருவொற்றியூர் வாசு எழுதியது:

அந்தத் திசை விஷயத்தில்தான் பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட் சறுக்கினார். 1644-இல் அவர் எழுதியது நிறை × வேகம், திசை இல்லாமல். அப்படிப் பார்த்தால் நேருக்கு நேர் முட்டி நிற்கும் இரண்டு வேகன் அந்த விதியை உடைத்துவிடும். 1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதலைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் எழுதி அனுப்பினார்கள். ஒட்டிக்கொள்ளும் மோதலை எடுத்துக்கொண்டவர் வாலிஸ். மற்ற இருவரும் துள்ளும் மோதலை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நியூட்டன் 10 அடிக் கயிற்றில் பந்துகளைத் தொங்கவிட்டு மோதவிட்டார். இறுக்கிச் சுற்றிய கம்பளிப் பந்து நெருங்கிய வேகத்தில் 9-க்கு 5 பங்கோடு விலகியது, கண்ணாடிப் பந்து 16-க்கு 15 பங்கோடு. 1687-இல் அச்சானது. கம்பளியோ கண்ணாடியோ, உந்தக் கணக்கு இரண்டிலும் சரியாக வந்தது. மேடத்தின் 0.8 இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

மின்ட் பட்டறை ரவி எழுதியது:

ஆற்றல் 'வீணானது' என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் பட்டறையில் அதுதான் கூலி. சுத்தியல் அடித்து இரும்பு வளைந்தால்தானே காசு? பட்டடைக்கல் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று என் தாத்தா சொல்வார். இதே கணக்கில் அது வருமா?

வண்ணை பர்வீன் எழுதியது:

நேராக வரும். நிற்கிற பொருளில் மோதி ஒட்டிக்கொண்டால், மிஞ்சும் ஆற்றலின் பங்கு = அடிக்கிற நிறை ÷ மொத்த நிறை. சுத்தியல் 2 கிலோ, பட்டடைக்கல்லும் மேலே வைத்த இரும்பும் சேர்ந்து 98 கிலோ என்றால் மிஞ்சுவது நூற்றுக்கு 2. மீதி 98 பங்கு நடுவில் இருக்கிற பழுத்த இரும்பை நசுக்கப் போகிறது. கல் லேசாக, 2 கிலோவாக இருந்தால் பாதி ஆற்றல் கல்லையும் சுத்தியலையும் சேர்த்துத் தள்ளுவதிலேயே போய்விடும்.

துறைமுகப் பக்கம் பைல் (தரைக்குள் அடித்து இறக்கும் தூண்) அடிக்கிறவர்களுக்கு இதே கணக்கு தலைகீழாக வேண்டும். பைலின் தலை நசுங்கக் கூடாது, பைல் முழுதாகத் தரைக்குள் இறங்க வேண்டும். 4 டன் சுத்தியல் 1 டன் பைலை அடித்தால் 80 சதவீதம் பைலை இறக்கக் கிடைக்கும். 1 டன் சுத்தியலால் 4 டன் பைலை அடித்தால் 20 சதவீதம்தான். மீதி பைல் தலையை உடைக்கும். கொல்லருக்கு எதிரே இருப்பது கனமாக வேண்டும், பைல்காரருக்குக் கையில் இருப்பது கனமாக வேண்டும்.

காசிமேடு சேவியர் எழுதியது:

அப்போ கனமான ஸ்ட்ரைக்கர் வாங்க வேண்டியதுதான்.

மின்ட் பட்டறை ரவி எழுதியது:

15 கிராமுக்கு மேல் போட்டியில் விட மாட்டான்பா.

யார்டு மணி எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். 15-க்கும் 8-க்கும் என்ன கணக்கு என்று கேட்டேனே, யாரும் சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டை கதிர் எழுதியது:

நான் சொல்கிறேன் ஐயா. வீணாகும் ஆற்றல் நெருங்கும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 15-ஐ 8-ஆல் வகுத்தால் 1.875, வர்க்கம் 3.5. ஆகவே 15-இல் முட்டினால் 8-இல் முட்டுவதைப் போல மூன்றரை மடங்கு ஆற்றலை டிராஃப்ட் கியர் விழுங்க வேண்டும். கைமாறும் உந்தம் இரண்டு மடங்குக்கும் குறைவாகத்தான் ஏறுகிறது, ஆற்றல்தான் எகிறுகிறது. பெட்ரோல் டேங்கருக்கு 8 என்று வைத்தது எனக்கு இப்போது சரியாகத் தெரிகிறது.

யார்டு மணி எழுதியது:

பாஸ். இன்னொன்று. பத்து காலி வேகன் ஒன்றை ஒன்று தொடாமல் சின்ன இடைவெளி விட்டு நிற்கிறது. உன் 2 மீட்டர் வேகன் முதலாவதில் முட்டிப் பூட்டிக்கொண்டு, அது அடுத்ததில், அது அதற்கடுத்ததில்... கடைசியில் என்ன வேகம்? எந்த முட்டலில் அதிக அடி?

கொருக்குப்பேட்டை கதிர் எழுதியது:

மொத்தம் 11 வேகன், 220 டன். உந்தம் அதே 40,000. வேகம் 0.18 மீ/வி. மிஞ்சும் ஆற்றல் 11-இல் ஒரு பங்கு, சுமார் 3,640 ஜூல். முதல் முட்டலில் 20,000 போகிறது, இரண்டாவதில் 6,667, மூன்றாவதில் 3,333, பத்தாவதில் 364 மட்டும். முதல் டிராஃப்ட் கியர் ஜோடிதான் பாவம்.

திருவொற்றியூர் வாசு எழுதியது:

கடைசி இரண்டு வேகனில் கைபிரேக் போட்டிருந்தால்? நான் விடுவதாக இல்லை.

வண்ணை பர்வீன் எழுதியது:

இப்போது உந்த விதியை மூட்டை கட்டிவிட்டு வேலை - ஆற்றல் கணக்குக்குப் போக வேண்டும் சார். இழுபடும் சக்கரங்களின் தடை ஒரு வேகனுக்கு 20,000 என்று கொண்டால் இரண்டுக்கும் 40,000 நியூட்டன். மிஞ்சிய 3,640 ஜூலை அதனால் வகுத்தால் 9 செ.மீ. கடைசி முட்டல்களின்போதே பிரேக் கொஞ்சம் உந்தத்தை எடுத்துவிடும் என்பதால் நிஜத்தில் அதற்கும் குறைவாகவே நகரும்.

யார்டு மணி எழுதியது:

சும்மா நிற்கிற ரேக்குக்கு (வேகன் வரிசைக்கு) கைபிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டையும் வைத்திருப்போம் மேடம். நீங்கள் சொல்லும் அந்தக் கொஞ்சநஞ்சமும் கட்டை வரைக்கும்தான்.